திரும்பி நிற்கும் 44: ஹாங்க் ஆரனின் பழைய டாப்ஸ் கார்டுகள்

அப்பாவுக்கு பேஸ்பால் தெரியாது. ஆனால் டாப்ஸ் நிறுவனம் 1957-இல் அச்சடித்த, பேஸ்பால் ஆட்டக்காரர் ஹாங்க் ஆரனின் படக் கார்டை வீடியோ காலில் கேமராவுக்கு நேராகப் பிடித்தபோது, மூன்று விநாடி ஆகவில்லை, "டேய், அந்த நாலைப் பாருடா. நெகட்டிவைப் புரட்டிப் போட்டுட்டானுங்க" என்றார். முப்பது வருஷம் ஆப்செட் அச்சகத்தில் பிளேட் போட்டவர். ஆரன் யார், அவருடைய பிரேவ்ஸ் எந்த ஊர் அணி, ஹோம் ரன் என்றால் என்ன, எதுவும் அவருக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. சட்டையில் 44 என்ற எண் கண்ணாடியில் தெரிவது மாதிரி திரும்பி நிற்கிறது. அது போதும்.

அந்தக் கார்டில் இருந்தே தொடங்குகிறேன். என்னிடம் உள்ள ஆரன் பொருட்களில் கடைசிவரை கொடுக்க மாட்டேன் என்று நான் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

20-ஆம் எண் கார்டு. ஆரன் வாழ்நாள் முழுக்க வலக்கை ஆட்டக்காரர். கார்டில் அவர் இடக்கை ஆட்டக்காரராக நிற்கிறார். வண்ணப் படத்தின் ஃபிலிமை பிளேட்டுக்கு எடுக்கும்போது யாரோ பக்கம் மாற்றி வைத்திருக்கிறார்கள். அச்சுத் தொழிலில் இது எப்போதாவது நடப்பதுதான். முகத்தில் தெரியாது, பின்னணியில் தெரியாது, எழுத்தோ எண்ணோ இருந்தால் மட்டும் காட்டிக் கொடுக்கும். அதனால்தான் புரூஃப் பார்ப்பவர் முதலில் எழுத்தைத் தேட வேண்டும் என்று அப்பா சொல்வார். இங்கே எண் பட்டப்பகலாய் நெஞ்சில் இருந்தும் ஒருவரும் பார்க்கவில்லை.

எனக்கு வலிப்பது அந்த வருஷம்தான். 1956-இல் ஆரன் .328 சராசரியோடு, இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீகின் பேட்டிங் சாம்பியன். அதாவது அடிக்க நின்றதில் எத்தனை பங்கு பலித்தது என்ற கணக்கில் லீகிலேயே முதல் ஆள். அடுத்த வசந்தத்தில் வந்த கார்டில் அவர் எந்தக் கையால் ஆடுகிறார் என்பதைக்கூட ஒருவர் நின்று பார்த்திருக்கவில்லை.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வரி: ஹோம் ரன் என்பது சிக்ஸர் மாதிரி வேலிக்கு அப்பால் பந்தை அனுப்புவது. ஆனால் ஒரு நல்ல ஆட்டக்காரருக்கு ஒரு சீசன் முழுவதும் முப்பது கிடைத்தாலே பெரிய விஷயம். அதில் பேர் எடுத்தவர்களைத்தான் ஸ்லக்கர் என்பார்கள். ஆரன் 23 சீசன்களில் 755 அடித்தார். 2007 ஆகஸ்ட் 7 அன்று பேரி பாண்ட்ஸ் தாண்டும்வரை அதுதான் உச்சம்.

ஆனால் 755-ஐ விட எனக்குப் பிடித்த கணக்கு வேறு. ஹிட் என்றால் பந்தை அடித்து அவுட் ஆகாமல் ஓடிச் சேர்வது, ஹோம் ரன்னும் அதில் சேரும். ஆரனின் மொத்த ஹிட்கள் 3,771. அதிலிருந்து 755 ஹோம் ரன்களையும் கழித்துவிடுங்கள். மீதி 3,016. மூவாயிரம் ஹிட் என்பதே ஒரு வாழ்நாள் சாதனையாக மதிக்கப்படும் விளையாட்டில், ஹோம் ரன்னே அடிக்காத ஆரனும் அந்தப் பட்டியலில் இருப்பார். ஒரு சீசனில்கூட அவர் 50 ஹோம் ரன் அடித்ததில்லை. அதிகபட்சம் 1971-இல் 47. அதே சமயம் 1955 முதல் 1974 வரை இருபது சீசன் தொடர்ச்சியாக 20-க்குக் குறையவே இல்லை. ஒரு சீசனில்கூட நூறு முறை ஸ்ட்ரைக் அவுட் (பந்தைத் தவறவிட்டே அவுட்) ஆனதில்லை, மிக மோசமான வருஷத்தில் 97. மட்டையை வீசி எறிவது மாதிரி சுற்றும் ஸ்லக்கர்களுக்கு நடுவே, மணிக்கட்டை மட்டும் கடைசி நொடியில் திருப்பி அடித்த மனிதர். கண்ணைப் பறிக்கும் ஒரு வருஷம் கிடையாது, சரிந்து விழுந்த ஒரு வருஷமும் கிடையாது. இப்படிப்பட்டவரைப் பார்வையாளர்கள் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். கார்டு அச்சடித்தவர்களும் விட்டுவிட்டார்கள் என்பதை அந்தக் கார்டுகளை வரிசையாக வைத்தால் தெரியும்.

1954 கார்டு அவருடைய முதல் கார்டு. எண் 128, ஆரஞ்சுப் பின்னணி, சிரிக்கும் இருபது வயது முகம், பக்கத்தில் சின்னதாக ஒரு கருப்பு வெள்ளை ஆட்டப்படம், அச்சிட்ட கையெழுத்து. அலபாமாவின் மோபீல் நகரத்துப் பையன். 1952-இல் இண்டியனாபோலிஸ் கிளவுன்ஸ் என்ற கறுப்பின லீக் அணியில் ஆடிக்கொண்டிருந்தபோது பிரேவ்ஸ் நிர்வாகம் 10,000 டாலருக்கு அவருடைய ஒப்பந்தத்தை வாங்கியது. அந்தக் கிளவுன்ஸ் நாட்களில் வாஷிங்டனில் ஒரு உணவகத்தில் சாப்பிட்டு எழுந்த பிறகு, அவர்கள் சாப்பிட்ட தட்டுகளைச் சமையலறையில் உடைக்கும் சத்தம் கேட்டதை ஆரன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1953-இல் தெற்கு அட்லாண்டிக் லீகில் ஜாக்சன்வில் அணிக்கு ஆடி, நிறத்தடை அப்போதுதான் உடைந்துகொண்டிருந்த அந்த லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். 1954 வசந்தப் பயிற்சியில் பிரேவ்ஸ் ஆட்டக்காரர் பாபி தாம்சனின் கணுக்கால் உடைந்ததும் இடம் காலியானது. ஏப்ரல் 13-இல் ஆரன் பெரிய லீகில் இறங்கினார். செப்டம்பரில் அவருடைய கணுக்காலும் உடைந்தது. அந்த முதல் சீசனின் கணக்கு 13 ஹோம் ரன்.

அந்தக் கார்டு என்னிடம் இல்லை. கசங்கி, மூலை தேய்ந்து, மிகக் குறைந்த கிரேடில் (நிலைக்குப் போடும் மதிப்பெண்) இருப்பதுகூட என் கைக்கு எட்டாத விலையில் நிற்கிறது. இரண்டு முறை கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அந்த ஆரஞ்சு நிறத்தை எந்த ஸ்கேனும் சரியாகக் காட்டுவதில்லை. நேரில் அது கொஞ்சம் மங்கல், மஞ்சள் கலந்தது. இணையத்தில் தீப்பிழம்பு மாதிரித் தெரியும் 54-ஐப் பார்த்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

1955 கார்டு படுக்கைவாட்டில். முகம் அதே முகம். 1956-இலும் அதே முகம். மூன்று வருஷம் ஒரே புகைப்படத்தை வைத்தே ஓட்டியிருக்கிறார்கள். 56-இல் இன்னொரு சங்கதி. பெரிய முகப் படத்துக்குப் பக்கத்தில் ஒருவர் ரன் முடியும் இடமான ஹோம் பிளேட்டை நோக்கிச் சறுக்கி வரும் படம் இருக்கிறது. அந்தச் சறுக்கும் மனிதர் ஆரன் அல்ல, நியூயார்க் ஜயன்ட்ஸின் வில்லி மேஸ். தொப்பியில் பிரேவ்ஸ் அடையாளத்தைத் தீட்டி ஆரன் ஆக்கிவிட்டார்கள். கார்டு சேகரிப்பவர்கள் எல்லோரும் இதை ஒரு சுவாரஸ்யமாகச் சொல்வார்கள். நான் 56-ஐ வாங்கிய அன்று இரவு அதை லூப் என்ற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கறுப்பு ஆட்டக்காரர் இடத்தில் இன்னொரு கறுப்பு ஆட்டக்காரரை வைத்தால் போதும் என்று அந்த மேஜையில் இருந்த ஒருவர் நினைத்திருக்கிறார், அல்லது நினைக்கக்கூட இல்லை. இரண்டில் எது என்று கார்டு சொல்லாது.

ஆக, மூன்று வருஷம் ஒரே முகம், மூன்றாவது வருஷம் வேறொருவர் உடம்பு, நான்காவது வருஷம் இடம் வலம் மாற்றம். கடைசியில் 57-இல்தான் முதன்முறையாக ஆரன் உண்மையான வண்ணப் புகைப்படமாக, கையில் மட்டையோடு வருகிறார். அதுவும் புரண்டு.

அந்தக் கார்டு விற்பனையில் இருந்த சீசனில் அவர் செய்தது என்ன தெரியுமா? 44 ஹோம் ரன். செப்டம்பர் 23 இரவு, பிரேவ்ஸ் அப்போது இருந்த மில்வாக்கியில், செயின்ட் லூயிஸ் அணிக்கு எதிராக, வழக்கமான ஒன்பதில் முடியாமல் நீண்ட ஆட்டத்தின் 11-ஆவது இன்னிங்ஸில் அவர் அடித்த ஹோம் ரன்னில் பிரேவ்ஸ் லீக் பட்டத்தை வென்றது. கூட ஆடியவர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் வேர்ல்ட் சீரிஸில் நியூயார்க் யாங்கீஸை ஏழு ஆட்டங்களில் வீழ்த்தியதில் அவருடைய பங்கு மூன்று ஹோம் ரன், .393 சராசரி. லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு வாழ்நாளில் ஒரே முறைதான் கிடைத்தது, அது அந்த வருஷம். சட்டையில் 44, கணக்கில் 44. பிறகு 1963, 1966, 1969 ஆகிய மூன்று சீசன்களிலும் சரியாக 44 அடித்தார். இதெல்லாம் தெரிந்த பிறகு அந்தத் திரும்பிய நாலுகளைப் பார்த்தால் கண் வேறு எங்கும் போகாது.

இனி கார்டை ஒரு பொருளாகப் பார்ப்போம். 1957-இல் டாப்ஸ் அளவைச் சுருக்கி இரண்டரை அங்குலம், மூன்றரை அங்குலம் என்று வைத்தது. இன்றுவரை பேஸ்பால் கார்டுக்கு அதுதான் அளவு. நான் வாங்கியது அட்லாண்டாவுக்கு வெளியே ஒரு ஓட்டல் அரங்கில் நடந்த கார்டு கண்காட்சியில். கிரேடிங் ஆகாதது, 150 டாலர். நான்கு மூலையும் மழுங்கியிருந்தன. மேல் இடது பக்கம் ஒரு மடிப்பு, வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் தெரியும். படம் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது, வலது வெள்ளை ஓரம் இடதைவிட இரண்டு மடங்கு. கட்டிங்கில் நடந்த பிசகு. ஆனால் நிறம் அப்படியே இருக்கிறது, ரெஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, நன்றாக உட்கார்ந்திருக்கிறது. இதை வாங்க நினைப்பவர்களுக்கு என் கருத்து: மூலையைப் பார்ப்பதற்கு முன்னால் ரெஜிஸ்டரைப் பாருங்கள். நான்கு நிறமும் சரியாகப் பொருந்தாத கார்டில் முகம் கலங்கித் தெரியும். மூலை எவ்வளவு கூராக இருந்தாலும் அந்தக் கலங்கலைச் சரி செய்ய முடியாது. கிரேடிங் செய்பவர்கள் மூலைக்குக் கொடுக்கும் மதிப்பை இதற்குக் கொடுப்பதில்லை என்பது என் அனுபவம். அதனால் படம் தெளிவாக இருந்தும் விலை குறைந்த கார்டுகள் கிடைக்கின்றன. நமக்கு நல்லதுதான்.

விற்பவர் எழுபது வயதுக்கு மேற்பட்டவர். நான் லூப்பை எடுத்ததும் அவரே மேஜை விளக்கை என் பக்கம் திருப்பி வைத்தார். நல்ல விற்பவரை அதில் தெரிந்துகொள்ளலாம். இரண்டு மேஜை தள்ளி இன்னொருவர் லூப்பைக் கண்டதும் கார்டை உறையோடு மட்டுமே பார்க்கலாம் என்றார். நான் நன்றி சொல்லி நகர்ந்துவிட்டேன்.

லூப்பில் என்ன பார்க்க வேண்டும்? பழைய கார்டில் புகைப்படப் பகுதி மட்டும் புள்ளி புள்ளியாக இருக்கும், பல நிறப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூ மாதிரிக் கூடியிருக்கும். எழுத்தும் கோடும் முழு மையில், ஓரம் சீராக, புள்ளியில்லாமல் இருக்கும். போலியை அசல் கார்டை ஸ்கேன் பண்ணித்தான் தயாரிப்பார்கள். அப்போது எழுத்தும் சேர்ந்து படமாகிவிடும், எழுத்துக்குள்ளேயே புள்ளிகள் தெரியும். கருப்பு எழுத்துக்குள் நீலமும் சிவப்புமாகப் புள்ளி கண்டால் கார்டைக் கீழே வைத்துவிடலாம். அடுத்தது அட்டை. இன்றைய வெள்ளைக் காகிதத்தில் வெண்மை கூட்டும் ரசாயனம் இருப்பதால் புற ஊதா விளக்கில் நீலமாகப் பளிச்சிடும். ஐம்பதுகளின் கார்டு அட்டை அப்படி ஒளிராது, மங்கிக் கிடக்கும். பத்து டாலர் டார்ச்சும் ஒரு லூப்பும் இருந்தால் பாதிப் போலிகளை மேஜையிலேயே கண்டுபிடித்துவிடலாம். என்னிடம் இருக்கும் லூப் அப்பா வேலையில் வைத்திருந்தது. பித்தளை விளிம்பு கறுத்துப்போனது, கண்ணாடி இன்னும் தெளிவு.

கிரேடிங் சேவை ஒன்றுக்கு என் 56-ஐ அனுப்பினேன். கார்டை ஆராய்ந்து, ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து அனுப்புவார்கள். பெயரைச் சொல்லப் போவதில்லை. வாக்களித்த நாளைத் தாண்டி நான்கு மாதம் ஆனது. வந்தபோது கூட்டின் முன்பக்கம் முகத்துக்கு நேராக ஒரு கீறல். மதிப்பெண் 2. அதில் எனக்கு வருத்தமில்லை, கார்டின் நிலை அதுதான். ஆனால் சீட்டில் காரணம் ஒரு வார்த்தைகூட இல்லை. எந்த மடிப்பு, எந்தக் கறை, எதற்காகக் குறைத்தார்கள் என்று தெரியாமல் ஒரு எண் மட்டும். எழுதிக் கேட்டதற்கு மதிப்பீடு இறுதியானது என்று பதில். விற்க நினைப்பவர்களுக்கு இந்தக் கூடு அவசியம், அது இல்லாமல் வாங்குபவர் நம்ப மாட்டார். வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு அந்தப் பணத்தில் இன்னொரு கார்டு வாங்கலாம். நான் கூட்டை உடைத்து 56-ஐ வெளியே எடுத்துவிட்டேன். இப்போது சாதாரணத் தெளிவான உறையில் இருக்கிறது, சறுக்கும் மேஸை வேண்டும்போது லூப்பில் பார்க்க முடிகிறது.

இப்போது 1974. சேகரிக்கத் தொடங்குபவர் ஒரே ஒரு ஆரன் கார்டு வாங்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். தொகுப்பின் முதல் கார்டு, எண் 1. ஏராளமாக அச்சானதால் சுமாரான நிலையில் உள்ளது இன்றும் ஒரு குடும்பம் வெளியே சாப்பிடும் செலவுக்குள் வந்துவிடும். நான் 25 டாலர் கொடுத்தேன். அதன் முகப்பில் ஆரனின் படத்தோடு, எல்லாக் காலத்துக்குமான புதிய ஹோம் ரன் மன்னர் என்று அச்சிட்டிருக்கிறது.

கார்டு கடைக்கு வந்தபோது அவர் மன்னர் ஆகியிருக்கவில்லை. 1973 சீசனை ஆரன் 713-இல் முடித்தார். 39 வயதில் அந்த ஒரு சீசனில் மட்டும் 40 அடித்திருந்தார். அதுவரை உச்சமாக இருந்த பேப் ரூத்தின் 714-க்கு ஒன்று குறைவு. நடுவில் ஒரு குளிர்காலம். டாப்ஸ் காத்திருக்கவில்லை. அந்த வருஷம்தான் 660 கார்டுகளையும் தவணை தவணையாக விடாமல் ஒரே மொத்தமாக வெளியிட்டார்கள், அதனால் பிறகு சேர்க்கலாம் என்று தள்ளிப்போட வழியில்லை. வரப்போவதை வந்துவிட்டதாகவே அச்சடித்தார்கள்.

அதே தொகுப்பில் அவர்கள் இன்னொரு பந்தயமும் கட்டினார்கள். சான் டியகோ பாட்ரெஸ் அணி வாஷிங்டனுக்குப் போகப் போகிறது என்று பேச்சிருந்ததால், அந்த அணியின் 15 கார்டுகளை வாஷிங்டன் பெயரில் அச்சடித்தார்கள். மெக்டொனால்ட்ஸின் ரே கிராக் அணியை வாங்கி சான் டியகோவிலேயே வைத்துக்கொண்டார். கார்டுகளைத் திருத்தி மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. இப்போது அந்த வாஷிங்டன் கார்டுகளைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். ஒரே குளிர்காலத்தில் முந்திக்கொண்டு அடித்த இரண்டில் ஒன்று பொய்த்தது, ஒன்று பலித்தது.

பலிக்காமல் போயிருக்க எத்தனை வழி இருந்தது என்பது தெரிந்தால்தான் அந்தக் கார்டின் எடை புரியும். 1973-இல் மட்டும் ஆரனுக்கு ஏறக்குறைய 9,30,000 கடிதங்கள் வந்தன. அரசியல்வாதி அல்லாத ஒருவருக்கு அத்தனை கடிதம் வந்ததற்காகத் தபால் துறை ஒரு பட்டயமே கொடுத்தது. வாழ்த்து நிறைய. ஆனால் ஒரு வெள்ளைக்காரரின் சாதனையை ஒரு கறுப்பர் தொடக் கூடாது என்று எழுதியவர்களும் நிறைய. சுட்டுக் கொல்வோம் என்று நாளும் மைதானமும் குறித்து எழுதினார்கள். பல்கலைக்கழகத்தில் படித்த மகளைக் கடத்துவோம் என்று மிரட்டினார்கள். ஆரனுக்குக் காவலாக அட்லாண்டா போலீஸ்காரர் ஒருவர் கூடவே இருந்தார். அடுத்த சீசனைப் பார்க்க உயிரோடு இருப்பேனா என்பது ஒன்றே தன் பயம் என்று ஆரன் சொன்னார். அந்தக் கடிதங்களை அவர் எறியவில்லை, கடைசிவரை வைத்திருந்தார்.

அந்தக் குளிர்காலத்தில், அந்தக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தபோதே, எங்கோ ஒரு அச்சகத்தில் இந்தக் கார்டின் தாள்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஐம்பதுகளில் ஆரனின் முகத்தை மாற்றக்கூட மெனக்கெடாத நிறுவனம், இந்த ஒரு முறை அவர் முடிப்பார் என்று நம்பி மையைச் செலவழித்தது. வியாபாரக் கணக்குத்தான், தெரியும். இருந்தாலும் 57-ஐயும் 74-ஐயும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஏப்ரல் 4, சின்சினாட்டி, சீசனின் முதல் ஆட்டம். அவருடைய முதல் வீச்சிலேயே 714. நான்கு நாள் கழித்து ஏப்ரல் 8, பிரேவ்ஸ் அதற்குள் குடிபெயர்ந்திருந்த அட்லாண்டாவில் 53,775 பேருக்கு முன்னால், நான்காவது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸ் அணியின் அல் டவுனிங் வீசிய பந்து இடது நடுப்பக்க வேலியைத் தாண்டியது. 715. டவுனிங் சட்டையிலும் 44 தான். வேலிக்குப் பின்னால் பிரேவ்ஸ் பந்துவீச்சாளர்கள் காத்திருக்கும் இடத்தில் டாம் ஹவுஸ் அதைப் பிடித்து, ஓடிவந்து ஆரன் கையில் கொடுத்தார். ஓடும் வழியில் இரண்டு இளைஞர்கள் மைதானத்துக்குள் குதித்து அவர் முதுகைத் தட்டிக்கொண்டே கூட ஓடினார்கள். அந்தக் காட்சியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு முதலில் பயம்தான் வருகிறது. வீட்டு வாசலில், அதாவது ஹோம் பிளேட்டில், அம்மா எஸ்டெல்லா மகனைக் கட்டிப்பிடித்தார். அவ்வளவு இறுக்கமாக.

அந்த மைதானம் 1997-இல் இடிக்கப்பட்டது. பந்து தாண்டிய இடத்தை மட்டும் சின்னச் சுவர்த்துண்டும் 715 என்ற எண்ணுமாகக் கார் நிறுத்துமிடத்தில் விட்டுவைத்தார்கள். கட்டணமில்லை, வரிசையில்லை. புதிய மைதானமான ட்ரூயிஸ்ட் பார்க்கில் ஆரனுக்குப் பெரிய சிலையும் காட்சிக்கூடமும் இருக்கின்றன, நன்றாகவே செய்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் உள்ள, பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கென்றே ஒரு கூடம் உண்டு. 1982-இல் 415 பேரில் 406 பேர் வாக்களித்து அவரை அங்கே சேர்த்தார்கள். ஒன்பது பேர் ஏன் எழுதவில்லை என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. ஆனால் ஆரனைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமென்றால் நான் அந்தக் கார் நிறுத்துமிடத்துக்குத்தான் கூட்டிப் போவேன். போன கோடையில் 74 கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் மகளோடு போனேன். அவள் ஹோம் பிளேட் இருந்த பக்கத்திலிருந்து அந்தச் சுவர் வரை எட்டு வைத்து எண்ணினாள்.

வாங்க வேண்டாம் என்று சொல்லக்கூடியதும் ஒன்று உண்டு. புதிய பாக்கெட்டுகளில் ஆரனின் மட்டைத் துண்டு பதித்தது என்று ஒரு கார்டு வரும். 90 டாலருக்கு ஒன்று வாங்கினேன். நகக்கண் அளவு மரச்சில்லு. பின்னால் பொடி எழுத்தில், இந்தத் துண்டு குறிப்பிட்ட எந்த ஆட்டத்தையும் சேர்ந்ததல்ல என்று இருந்தது. எந்த வருஷம், எந்த ஊர், எதுவும் கிடையாது. யாரோ ஒரு முழு மட்டையை அறுத்துச் சில்லாக்கியிருக்கிறார்கள் என்ற நினைப்பே எனக்கு ஒப்பவில்லை. கொடுத்துவிட்டேன்.

கையெழுத்துப் பந்து பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆரன் 2021 ஜனவரி 22 அன்று காலமானார். பல்லாண்டுகள் பொறுமையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர், அதனால் அசல் நிறைய இருக்கிறது. போலியும் நிறைய. தொண்ணூறுகளில் போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடிக்க எஃப்.பி.ஐ. ஆபரேஷன் புல்பென் என்று பெயர் வைத்துத் தனி விசாரணையே நடத்தியது. லீக் நிர்வாகம் 2001-இலிருந்து ஹோலோகிராம் முத்திரை முறை வைத்திருக்கிறது. அந்த முத்திரையை எண்ணோடு சரிபார்க்க முடிகிற பந்தை மட்டும் வாங்குங்கள். பந்தின் கூடவே சட்டம் போட்டுத் தரும் சான்றிதழ் தாளை நான் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. தாள் அச்சடிப்பது எவ்வளவு சுலபம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

1974 நவம்பரில் அட்லாண்டா அவரை மில்வாக்கியின் வேறொரு அணியான ப்ரூவர்ஸுக்குக் கொடுத்தது. 1976 கார்டு, எண் 550, அவர் ஆடிய காலத்தின் கடைசி வழக்கமான கார்டு. விலை மலிவு, படம் அமைதியானது, நீலத் தொப்பி. பலர் தாண்டிப் போய்விடுவார்கள். அந்தக் கார்டு வந்த வருஷம் ஜூலை 20-இல் கலிபோர்னியா ஏஞ்சல்ஸின் டிக் டிராகோ பந்தில் 755-ஆவது. அந்தப் பந்தை எடுத்தவர் மைதானப் பராமரிப்பு ஊழியர் ஒருவர். நானே ஆரன் கையில் கொடுக்கிறேன் என்று கேட்டார். நிர்வாகம் மறுத்தது, அவரும் பந்தைத் தரவில்லை. வேலை போனது, கடைசிச் சம்பளத்தில் பந்தின் விலையாக ஐந்து டாலரும் பிடித்தார்கள். பல வருஷம் கழித்து அவர் அதை ஏலத்தில் விற்றபோது லட்சக்கணக்கில் போனது, அதில் ஒரு பங்கை ஆரனின் அறக்கட்டளைக்குக் கொடுத்தார். அது கடைசி ஹோம் ரன் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அந்த ஊழியருக்கும் தெரியாது. ஆரனைப் பார்த்துக் கையில் கொடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்டது.

அடுத்த மாதக் கண்காட்சிக்கு மறுபடி போகிறேன். 54 தேடுகிறேன். மூலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பின்னால் பசை ஒட்டிப் பிய்த்த தடம் இருந்தாலும் பரவாயில்லை, குத்தூசி ஓட்டை இருந்தாலும் பரவாயில்லை. ஆரஞ்சு வெளுக்காமல் இருக்க வேண்டும், எழுத்துக்குள் புள்ளி இருக்கக் கூடாது. கிடைத்தால் முதலில் அப்பாவுக்குக் காட்ட வேண்டும். இந்த முறை எண்ணே இல்லாத முகம். சரியான பக்கம்தானா என்று எப்படிச் சொல்வார் என்று கேட்டேன். "சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் ஏறியிருக்குன்னு பாரு" என்றார்.